ஃப்ரிட்ஜ் மேல் லூனா

சோர் பஜாரில் ஒரு வெள்ளிக்கிழமை
ஓடாத கடிகாரங்களுக்கும் கிராமபோன் குழாய்க்கும் நடுவே
மல்லாந்து கிடந்தாள்.
முழ உயரம். பித்தளையா வெண்கலமா தெரியவில்லை.
நெற்றிக்கு மேலே பிறை, நுனி இரண்டும் வானம் பார்க்க.
வலது கை ஏந்தியிருந்த தீவட்டி எங்கேயோ விழுந்துவிட்டது;
மூடிய விரல்களுக்குள் ஒரு துளை மட்டும்.

"அசல் ரோமாபுரி" என்றார் கடைக்காரர்.
எழுநூறு சொன்னவர் நானூற்றைம்பதுக்குத் தந்தார்,
உருதுச் செய்தித்தாளில் சுற்றி.

சாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் ரயிலேறி
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
சிவ்ரியில் ஏறியவள் தாளை விலக்கிப் பார்த்து
எந்த ஊர் அம்மன் என்றாள்.
ரோமாபுரி, என்றேன்.
அது எந்த லைனில் என்பதுபோல் பார்த்தாள்.

மகள் சுபிக்ஷா போனில் படம் பிடித்துப்
பெயர் கண்டுபிடித்தாள்: லூனா.
நிலவின் தேவதை. இரட்டைக் குதிரைத் தேர்.
தவசிக்கு அடக்க முடியாத சிரிப்பு.
"எங்க அண்ணன்கிட்ட இருந்துச்சே, அம்பது சிசி.
மேடு வந்தா பெடல் மிதிக்கணும்."
நானும் சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே இடம் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் மொத்தமே நாலு சுவர்.
ஒன்றில் பூஜைப் பலகை: செந்தூர் முருகன்,
சீரியல் பல்பு, மாமனார் படம்.
மாதத்தில் மூன்று நாள் அந்தப் பக்கம் கை போகாது.
யாரும் போட்ட கட்டளை இல்லை.
அம்மா செய்யாததை நானும் செய்வதில்லை, அவ்வளவுதான்.
பத்துக்குப் பத்து அறையில்
பலகைக்கு முதுகு காட்டியே சமைப்பேன்,
முந்தானை படாமல் ஒடுங்கிப் போவேன்.
அந்த மூன்று நாளும் விளக்கேற்றுவது தவசி;
திரி எப்போதும் கருகிப்போகும்.

லூனாவை எதிர்ச் சுவரோரம் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.
ஊதுபத்தியை எங்கே செருக என்று தேடவே வேண்டாம்,
கைத்துளை அதற்கென்றே செய்த மாதிரி.
மந்திரம் தெரியாது. அவள் பாஷையில் ஒரு சொல் தெரியாது.
அவர்கள் ஊரில் பாலும் தேனும் பணியாரமும் படைப்பார்களாம்.
நான் சோமாஸ் வைத்தேன், பிறை மாதிரி இருக்கிறதே என்று.
கும்பிடும்போது தலையில் துணி போட வேண்டுமென்று
சுபிக்ஷா எங்கோ படித்துச் சொன்னாள். போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள்.
அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அகலை ஏற்றினேன்.
ஒன்றும் ஆகவில்லை.
ஃப்ரிட்ஜ் மட்டும் அதன் வழக்கப்படி
உறுமி, அடங்கி, உறுமியது.
மாதத்துக்கும் திங்கள், அவளுக்கும் திங்கள்.
ஒரே பெயர்க்காரிகள்
தீட்டுப் பார்க்க முடியுமா என்ன?

ஆறு வருஷம் இப்படி.
மற்ற நாளில் அவளுக்கு ஒரு பூ. அந்த மூன்று நாளில் விளக்கு.

போன ஆவணியோடு நின்றுவிட்டது.
சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபர்ஸானா
பேனாவை மூடிவைத்து, இனி நிம்மதி என்றார்.
தவசியும் நிம்மதி என்றார். அது திரியைப் பற்றிய நிம்மதி.
முப்பது நாளும் முருகனைத் தொடலாம்.
தொட்டேன். பலகையை அழுத்தித் துடைத்தேன்.
அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

ராத்திரி தண்ணீருக்கு ஃப்ரிட்ஜைத் திறந்தால்
வெளிச்சமெல்லாம் என் முகத்தில்,
மேலே அவள் இருட்டில்.
கேட்கிற ஆள் இல்லை அவள்.
தீவட்டி போனதைப் பற்றியே வாய் திறக்காதவள்.

காலண்டரில் நானே குறித்துவிட்டேன்:
அமாவாசையும் அதற்கு முன்பின் நாளும்.
ஆன்டாப் ஹில் கட்டடங்களுக்கு மேலே
அவளைக் காணாத நாட்கள்.
மாமனாருக்குத் தவசியே சோறு வைக்கட்டும்.
முருகனிடம் சொல்லிவிட்டேன், இந்த மூன்று நாள் வரமாட்டேன் என்று.

தலையில் துணி. தட்டில் சோமாஸ். துளையில் பத்தி.
கருகிய திரியைக் கிள்ளிக்கொண்டே தவசி கேட்டார்:
"இன்னுமா உனக்கு?"

இன்னும்தான், என்றேன்.